ராணுவக் கலாசாலையும் பாண்டு வாத்தியமும்

டேராடூனிலுள்ள இந்திய ராணுவ அகாடமியில் ஆண்டுக்கு இரு முறை, ஜூன் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும், ஒரு வைபவம் நடைபெறுகிறது. பயிற்சி முடித்த இளைஞர்கள் செட்வுட் மண்டபத்தின் முன்னுள்ள மைதானத்தில் அணிவகுத்து நின்று, மரியாதை செலுத்தி, மெதுநடையில் படியேறி, 'அந்திம் பக்' எனப்படும் கோட்டைக் கடந்து, ராணுவ உத்தியோகஸ்தர்களாகிறார்கள். சென்னை பரங்கிமலையிலுள்ள ஆபீஸர்கள் பயிற்சி அகாடமியிலும் இவ்வாறே. வந்திருக்கும் தாய் தந்தையரின் கண்கள் வரிசையில் தங்கள் குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கின்றன. மந்திரிகளும் தளபதிகளும் வரிசையைப் பார்க்கின்றனர். ஒரு புறத்தில் நின்று, வெயிலென்றும் குளிரென்றும் பாராமல் வாசிக்கும் பாண்டுக்காரர்களை எவரும் பார்ப்பதில்லை. வாத்தியம் காதில் விழுகிறது. வாசிப்பவர் கண்ணில் படுவதில்லை.

இந்தப் பாண்டு எதற்காக என்று கேட்போர் இக்காலத்தில் பெருகியிருக்கிறார்கள். ஆகாய விமானமும் ஏவுகணையும் ஆளில்லா விமானமும் யுத்தத்தை நிர்ணயிக்கும் காலத்தில், டிரம்மும் எக்காளமும் பழைய காலத்து ஆடம்பரம் என்பது அவர்களுடைய வாதம். பாட்டு வேண்டுமாயின் ஒலிபெருக்கியில் வைத்துவிடலாமே, அதற்கு ஒரு கோஷ்டியைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பானேன் என்றும் கேட்கிறார்கள். பொதுஜனங்களின் வரிப்பணத்தில் நடைபெறும் காரியங்களைக் குறித்து இத்தகைய கேள்விகள் எழுவது நல்லதே. அவற்றை அவமதிப்பாகக் கொள்ளாமல் நேராக விடை கூறுவதே முறை. ராணுவக் கலாசாலையில் பாண்டு ஒரு அலங்காரமன்று, அது உபாத்தியாயர் என்பது நமது அபிப்பிராயம். அந்த உபாத்தியாயர் கற்பிக்கும் பாடங்கள் எவை என்பதை ஆராய்ந்தால்தான், அவருக்கு நாம் செய்யவேண்டிய கடமையும் விளங்கும்.

முதலில், இக்கலாசாலைகள் நமக்கு எளிதில் கிட்டியவையல்ல என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். இந்தியச் சிப்பாய் உலகத்தின் பல மூலைகளில் இரத்தம் சிந்திய பிறகும், அவனை நடத்திச் செல்லும் உத்தியோகம் இந்தியனுக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1918 முதல் இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் கலாசாலையில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் பிச்சையிடுவதுபோல் கொடுக்கப்பட்டன. இந்த அநீதியை எதிர்த்து வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் நமது தமிழ் நாட்டு வக்கீலான ஸர் பி. எஸ். சிவஸ்வாமி ஐயர். எஷர் கமிட்டியின் அறிக்கையைப் பற்றி 1921இல் மத்திய சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானங்கள், ராணுவம் இந்திய மயமாக வேண்டும் என்ற கோரிக்கைக்குச் சட்டசபையில் அஸ்திவாரமிட்டவை. பத்து வருஷங்களுக்கு மேல் வாதாடிய பிறகு, 1932ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 40 மாணவர்களுடன் டேராடூன் அகாடமி தொடங்கிற்று. அவ்வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி பிரதம சேனாதிபதி செட்வுட் அதை முறைப்படி திறந்து வைத்தார். போராடிப் பெற்ற கலாசாலையில் என்ன கற்பிக்கப்படுகிறது, எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை இந்நாட்டின் ஜனங்களுக்கு உண்டு. பாண்டு வாத்தியத்தைப் பற்றிய கேள்வியும் அதில் அடங்கியதே.

பாண்டு கற்பிக்கும் முதற் பாடம் தாளம். கவாத்தில் வேக நடை நிமிடத்துக்கு 120 அடி. மெதுநடை ஏறக்குறைய 70 அடி. இவ்விரண்டில் மெதுநடையே கடினமானது. உயர்த்திய கால் தரையைத் தொடுமுன் அந்தரத்தில் நிற்கும் கணத்தில், உடல் தளராமலும் முந்தாமலும் இருக்க வேண்டும். பதினெட்டு இருபது வயதில், எல்லாவற்றிலும் முந்திக்கொள்ளத் துடிக்கும் இளைஞனுக்குக் காத்திருப்பதைப் போலக் கடினமான பாடம் வேறில்லை. சார்ஜண்டு எத்தனை அதட்டினாலும் ஏறாத அப்பாடத்தைப் பெரிய டிரம்மின் அடி ஏற்றிவிடுகிறது. கனத்த அடி இடது காலுக்கு என்பதை உடல் அறிந்துகொண்ட பின், எண்ண வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது. நமது ஊர்களில் சுவாமி புறப்பாட்டின்போது பல்லக்குத் தாங்குவோரின் தோளும் காலும் தவிலின் நடைக்குக் கட்டுப்படுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் பலர் அறியாத ஒரு நுட்பமும் உண்டு. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம் செல்கிறது. வேக நடையில் ஓர் அடிக்கு அரை விநாடி ஆகிறது. ஆகவே பாண்டிலிருந்து 170 மீட்டர் தூரத்தில் இருப்பவனுடைய காதில் டிரம்மின் அடி விழும்போது, டிரம்முக்குப் பக்கத்தில் இருப்பவன் அடுத்த காலையும் வைத்துவிடுகிறான். இருவரும் காதில் விழுந்ததை மட்டும் நம்பி நடந்தால், ஒருவன் இடது காலை வைக்கும் கணத்தில் மற்றவன் வலது காலை வைப்பான். இதில் பாதித் தூரத்திலேயே அணி அலைபோல் குலைந்து தோன்றும். பாண்டை அணியின் எந்த இடத்தில் நிறுத்துவது என்பது கவாத்து நடத்துவோருக்குப் பெருங் கவலையாயிருப்பது இதனாலேயே. மாணவனோ காதில் விழும் தாளத்தையும், கண்ணோரத்தில் தெரியும் தோழனுடைய தோளையும் ஒருங்கே கவனித்து நடக்கப் பழக வேண்டும். நாளை யுத்த களத்தில், மேலிருந்து வரும் கட்டளை தாமதித்தே வந்து சேரும். அப்பொழுது பக்கத்திலிருப்பவனோடு சேர்ந்து நிற்கத் தெரிந்தவனே அணியைக் காப்பான். இதைப் புத்தகம் கற்பிக்காது. ஒலிபெருக்கிகளை மைதானம் முழுவதும் நட்டுவைத்து இந்தத் தொல்லையை நீக்கிவிட முடியும். ஆனால் தொல்லையோடு பாடமும் நீங்கிவிடும்.

தாளத்தின் பெருமை இவ்வளவாயினும், தாளம் மட்டும் போதாது. டேராடூனில் முதல் வகுப்பில் சேர்ந்த 40 பேரில் மூவர் பிற்காலத்தில் மூன்று நாடுகளின் ராணுவத்துக்குத் தலைவரானார்கள். ஸாம் மானெக்ஷா இந்தியாவுக்கு. முகம்மது மூஸா பாகிஸ்தானுக்கு. ஸ்மித் டன் பர்மாவுக்கு. ஒரே மைதானத்தில், ஒரே டிரம்முக்கு நடந்த கால்கள் மூன்று கொடிகளின் கீழ் சென்றன. இதில் குறை கூற ஒன்றுமில்லை. சரித்திரம் அவ்வாறு பிரிந்தது. ஆனால் இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. தாளம் சகல நாடுகளுக்கும் பொது. எந்த நாட்டுக்காக நடக்கிறோம் என்பதைத் தாளம் சொல்லாது. அதை மெட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆகவே பாண்டு கற்பிக்கும் இரண்டாவது பாடம் நினைவு. கலாசாலையில் கேட்ட மெட்டு ஆயுள் முழுவதும் உடன் வருகிறது. முதிய வயதில் பெயர்கள் மறந்துபோன பின்னும் கவாத்து மெட்டுக்கு விரல் தாளமிடும்.

இதன் வலிமையை அமெரிக்கர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலை 1802இல் ஏற்பட்டது. 1817 முதல் அதற்கென்று தனி பாண்டு இருந்து வருகிறது. அனபாலிஸ் கடற்படைக் கலாசாலையின் பாண்டு 1852இல் ஏற்பட்டது. அக்கலாசாலையில் பாண்டு மாஸ்டராயிருந்த சார்லஸ் ஸிம்மர்மன் என்பவர், படிப்பு முடித்து வெளியேறும் வகுப்புக்கென்று ஒரு நடைமெட்டு இயற்றித் தருவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். 1906இல், ஆல்பிரட் மைல்ஸ் என்ற மாணவர் தம் வகுப்பாருக்காக அவரை அணுகினார். ராணுவக் கலாசாலையுடன் நடைபெறவிருந்த கால்பந்துப் பந்தயத்தில் பாடுவதற்கு உற்சாகமான மெட்டு ஒன்று தேவையாயிருந்தது. மெட்டை ஆசிரியர் அமைத்தார். சொற்களை மாணவர் எழுதினார். அதுவே 'ஆங்கர்ஸ் அவே'. ஒரு வகுப்புக்காகப் பிறந்த அந்தப் பாட்டு இன்று அமெரிக்கக் கடற்படை முழுவதற்கும் அடையாளமாயிருக்கிறது. பாண்டு மாஸ்டர் கலாசாலையிலேயே வாழ்ந்து, மாணவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நிலையில் இருந்ததனாலன்றோ இது சாத்தியமாயிற்று? அணிவகுப்பு நாளில் மட்டும் வந்து வாசித்துவிட்டுப் போகும் பாண்டினால் இத்தகைய பாட்டுப் பிறந்திராது.

அயல் நாட்டு உதாரணம் எதற்கு? நமது நாட்டிலேயே இதைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இருக்கிறது. தரம்சாலாவுக்கு அருகில் 1914இல் பிறந்த ராம் சிங் தாகுரி, பதினான்கு வயதில் கூர்க்கா ரைபிள்ஸ் படையில் சேர்ந்து அதன் பாண்டில் பயின்றவர். பிரிட்டிஷ் ராணுவம் தன் தேவைக்காக அவருக்கு வாத்தியமும் ஸ்வரக் குறிப்பும் கற்பித்தது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த காலத்தில் ஜப்பானியரிடம் யுத்தக் கைதியான அவர், பின்னர் இந்திய தேசீய ராணுவத்தில் சேர்ந்தார். 'கதம் கதம் படாயே ஜா' என்ற நடைப்பாட்டுக்கு மெட்டமைத்தவர் அவரே. சொற்கள் வம்சீதர் சுக்லாவினுடையவை. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து நேதாஜியின் சேனையில் சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள், பொருள் முழுவதும் விளங்காமலே அந்தப் பாட்டுக்கு நடந்தார்கள். மெட்டு அவர்களுக்குப் பொருளை உணர்த்திற்று. யுத்தம் முடிந்தபின் பிரிட்டிஷார் அப்பாட்டைத் தடை செய்தார்கள். சுதந்திரம் வந்ததும் தடை நீங்கிற்று. இன்று அதே பாட்டு இந்திய ராணுவத்தின் வேக நடை மெட்டாயிருக்கிறது. தங்களை எதிர்த்தவர்களின் பாட்டு எனத் துரைமார்கள் ஒதுக்கியதை, அவர்கள் அமைத்துச் சென்ற அதே ராணுவம் தன் சொந்தப் பாட்டாக ஏற்றுக்கொண்டது. பாண்டில் பயின்ற ஒரு சிறுவன் செய்த காரியம் இது. அவர் லக்னோவில் ஆயுதப் போலீஸ் பாண்டில் பணியாற்றி, 2002இல் காலமானார். பாட்டை அறிந்தவர் கோடிக்கணக்கானோர். அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இங்கே சுதேசியத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. நமது ராணுவக் கலாசாலைகளில் மாணவர்கள் விடைபெறும் மெதுநடைக்கு நெடுங்காலமாக வாசிக்கப்பட்டு வந்திருப்பது 'ஆல்ட் லாங் ஸைன்' என்னும் ஸ்காட்லாந்து மெட்டு. டில்லியில் குடியரசு தின விழாவின் முடிவில் நடைபெறும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், மகாத்மா காந்திக்கு மிகவும் பிரியமான 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவ கீதம் பல்லாண்டுகள் வாசிக்கப்பட்டு வந்தது. 2022இல் அது நீக்கப்பட்டு, கவி பிரதீப் எழுதிய 'ஏ மேரே வதன் கே லோகோ' இடம்பெற்றது. 2023இல் அந்நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்ட மெட்டுகள் அனைத்தும் இந்திய மெட்டுகளே. இதை அன்று ஒரு சாரார் பெரிதும் பாராட்டினர். மற்றொரு சாரார் பெரிதும் வருந்தினர்.

நமது கருத்தை ஒளிக்க வேண்டிய அவசியமில்லை. இந்திய ராணுவம் இந்திய மெட்டுக்கு நடக்க வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் ஒரு பாட்டை விலக்குவதற்கு ஓர் உத்தரவு போதும். ஒரு பாட்டை ஆக்குவதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். விலக்குவதிலேயே திருப்தியடைந்துவிடும் சுதேசியம் அரைச் சுதேசியம். அந்நியத் துணியைக் கொளுத்தியவர்கள் ராட்டினத்தையும் கையிலெடுத்தார்கள் என்பதை மறத்தலாகாது. விடைபெறும் மெட்டாக ஸ்காட்லாந்துப் பாட்டைக் காட்டிலும் உள்ளத்தை உருக்கும் பாட்டு ஒன்றை நமது பாண்டு மாஸ்டர்கள் இயற்றி, மாணவர்கள் தாமாக விரும்பி ஏற்கும் நாளில், பழைய பாட்டு உத்தரவின்றியே ஓய்வு பெறும். அதுவரை அதைத் துரத்துவதில் அவசரம் காட்ட வேண்டியதில்லை.

மேலும், வாத்தியங்களே அந்நியமானவை என்று குறை கூறுவோருக்கு நமது தமிழ் நாட்டுச் சரித்திரமே பதில் சொல்கிறது. இருநூறு வருஷங்களுக்கு முன், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியாரின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துஸ்வாமி தீக்ஷிதர், அவற்றுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் செய்தார். சுமார் 40 நோட்டுஸ்வர ஸாஹித்யங்கள் அவ்வாறு பிறந்தன. ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டே அவர் கையில் 'ஸந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் பிடிலைக் கற்று நமது சங்கீதத்துக்கு உரியதாக்கினார். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசிருந்த ஸரபோஜி மன்னர், ஐரோப்பிய முறையில் பாண்டு வைத்து ஆதரித்தார். அடிமைத்தனம் தொடங்கிய காலத்திலேயே அந்நிய வாத்தியத்தை அஞ்சாமல் எடுத்துத் தமதாக்கிக்கொண்ட பரம்பரை நம்முடையது. சுதந்திர நாட்டில் அந்தத் துணிவு குறைவானேன்?

பாண்டு கற்பிக்கும் மூன்றாவது பாடம் மரியாதை. செட்வுட் தமது திறப்பு விழாப் பிரசங்கத்தில் வகுத்துத் தந்த முறையை டேராடூன் மாணவர் அனைவரும் அறிவர். நாட்டின் பத்திரமும் கௌரவமும் முதலில். தன் கீழுள்ள வீரர்களின் நலன் அடுத்து. தன் சௌகரியம் எப்பொழுதும் கடைசியில். இம்முறையைச் சுவரில் பொறித்து வைத்தால் மட்டும் போதாது. அதன்படி வாழ்பவர்களைக் கண்ணாரக் காணவும் வேண்டும். பாண்டுக்காரர் அத்தகையவர். மைதானத்தில் புகழ் முழுவதும் மாணவனுக்கு. பிழை நேர்ந்தால் மட்டும் பாண்டுக்காரர் கவனிக்கப்படுவார். யுத்த காலத்திலோ, வாத்தியத்தை வைத்துவிட்டுக் குண்டு மழைக்கிடையே காயம்பட்டவர்களை டோலியில் சுமந்து வருவது பாண்டுக்காரர்களின் கடமையாக இருந்து வந்திருக்கிறது. அணிவகுப்பில் தனக்கு நடை கொடுப்பவரே நாளை தன்னைத் தோளில் சுமக்கக் கூடியவர் என்பதை அறிந்த இளைஞன், அவரைக் கூலிக்கு வாசிப்பவராகக் கருதமாட்டான். தன் கீழுள்ளவர்களில் கண்ணில் படாமல் உழைப்பவரை முதலில் கவனிக்கும் பழக்கம் அவனுக்கு அங்கேயே ஏற்படும்.

இனிச் செலவைப் பற்றிய ஆட்சேபத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இவ்வாட்சேபம் பலமாகவே எழுந்தது. ராணுவ பாண்டுகளுக்காக ஒரு வருஷத்தில் 43 கோடியே 70 லட்சம் டாலர் செலவாகிறது என்று எடுத்துக்காட்டி, அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2016இல் காங்கிரஸ் சபையில் பேசினார்கள். பாண்டுகளால் விளையும் பயனை அளந்தறியத் தக்க முறைகளைப் படைப் பிரிவுகள் வகுத்துக்கொள்ளவில்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2017இல் குறை கூறிற்று. இங்கிலாந்திலோ, சாண்ட்ஹர்ஸ்ட் கலாசாலைக்கென்று தனியே இருந்த பாண்டுப் பிரிவு 1984இல் கலைக்கப்பட்டது. நமக்குக் கவாத்து கற்பித்த நாடே தன் கலாசாலைப் பாண்டைக் கலைத்துவிட்டதே என்று சிலர் கூறலாம்.

இந்த ஆட்சேபத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் பிரமுகர்களின் மனத்தைக் குளிர்விப்பதற்காக வாசிக்கும் வாத்தியச் செலவைக் கணக்குப் பார்க்கட்டும், வெட்டவும் வெட்டட்டும். அதற்கும் கலாசாலைப் பாண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முன்னது உபசாரம், பின்னது கல்வி. சட்டசபையில் உபசாரச் செலவைக் குறைக்கும் வெட்டுத் தீர்மானம், பெயர் ஒற்றுமையினால் கல்விச் செலவையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது என்பதே நமது வாதம்.

சிக்கனம் அளவு மீறினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சாட்சியம் இருக்கிறது. காலமான முன்னாள் வீரர்களின் அடக்கச் சடங்கில் வாசிப்பதற்குப் போதிய பியூகிள் வீரர்கள் அகப்படாமற் போகவே, 2003இல் ஒரு தந்திரம் கையாளப்பட்டது. பியூகிளின் வாய்க்குள் ஒரு சிறு யந்திரத்தைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த இசை ஒலிக்குமாறு செய்தார்கள். வீரன் அதை உதட்டில் வைத்து ஊதுவதுபோல் நிற்க வேண்டும். ஸ்வரத்தில் பிழை நேராது என்பது உண்மையே. ஆனால் நாட்டுக்காக மெய்யாகவே உழைத்தவனுக்கு இறுதியில் பொய்யாக ஊதி விடைகொடுப்பது என்ன மரியாதை? வேறு வழியில்லாமல் அவர்கள் அவ்வாறு செய்தார்கள்; அவர்களைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. அந்த நிலைக்கு நாம் வராதிருக்க வேண்டும் என்பதே நமது கவலை. ராணுவக் கலாசாலையில் நடிப்பு ஒருமுறை அனுமதிக்கப்பட்டுவிட்டால், அது மைதானத்தோடு நின்றுவிடாது.

நமக்கு நல்ல அஸ்திவாரம் இருக்கிறது. கிரிமியா யுத்தத்தின்போது, 1854இல் ஸ்கூட்டாரியில் நடந்த அணிவகுப்பில் பிரிட்டிஷ் பாண்டுகள் ராணி வாழ்த்தை ஆளுக்கொரு சுருதியில் வாசித்து மானத்தை வாங்கிவிட்டன என்பார்கள். அதன் விளைவாக 1857இல் நெல்லர் ஹாலில் ராணுவச் சங்கீதப் பள்ளி ஏற்பட்டது. நாம் அத்தகைய அவமானத்துக்காகக் காத்திருக்கவில்லை. குடியரசு பிறந்த 1950இலேயே பச்மடியில் ராணுவச் சங்கீதப் பிரிவு நிறுவப்பட்டது. தங்கள் சொந்தக் கிராமத்துப் பாட்டையன்றி வேறு சங்கீதம் அறியாமல் வரும் இளைஞர்கள், அங்கே ஸ்வரம் எழுதவும் படிக்கவும் பல வாத்தியங்களை ஒருங்கு சேர்க்கவும் கற்கிறார்கள். நெல்லர் ஹாலின் கதவுகள் 2021இல் மூடப்பட்டன. பச்மடியின் கதவுகள் திறந்திருக்கின்றன. இந்த முதலைப் பெருக்குவதே அறிவுடைமை.

ஆகவே பாதுகாப்பு மந்திரி காரியாலயத்தாருக்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் சில யோசனைகளைச் சமர்ப்பிக்க விரும்புகிறோம். முதலாவது, ஒவ்வொரு ராணுவக் கலாசாலையிலும் பாண்டு அக்கலாசாலையின் ஆசிரியர் குழாத்தில் ஓர் அங்கமாகக் கருதப்பட வேண்டும். தினசரிக் கவாத்திலும் அது பங்குகொள்ள வேண்டும். பிரமுகர் வரும் நாளுக்கென்று ஒதுக்கி வைக்கப்படலாகாது. இரண்டாவது, மாணவர்கள் சில வாரங்களாவது பியூகிளையோ டிரம்மையோ கையில் எடுத்துப் பழக வேண்டும். நாற்பது பேரைத் தாளத்தில் நடத்துவது எவ்வளவு கடினம் என்று அறிந்தவன், நாற்பது பேருக்குக் கட்டளையிடும்போது நிதானமாயிருப்பான். மூன்றாவது, வெளியேறும் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய நடைமெட்டு இயற்றும் பொறுப்பைப் பாண்டு மாஸ்டருக்கு அளிக்க வேண்டும். பத்தில் ஒன்பது மறக்கப்படலாம். எஞ்சிய ஒன்று நாட்டுக்குச் சொந்தமாகும்.

நான்காவது யோசனை, தமிழ் நாட்டாராகிய நமக்கும் பொறுப்பு உள்ளது. பரங்கிமலை அகாடமி 1963 முதல் நம் நடுவே இருந்து வருகிறது. அங்கே பயின்று வெளிவந்து, 1987இல் உயிர் நீத்துப் பரம வீர சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேசுவரனின் பெயர் அதன் கவாத்து மைதானத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெற்று உத்தியோகம் ஏற்கிறார்கள். டிரம்மின் அடி ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் பார்ப்பதில்லை. அந்த மைதானத்துக்குத் தமிழ்ச் சங்கீதம் என்ன கொடுத்திருக்கிறது? மெதுநடைக்கு மெட்டுத் தேடுபவர்கள் நமது நாகஸ்வர வித்வான்களிடம் மல்லாரியைக் கேட்கட்டும். கம்பீரநாட்டையில் அமைந்து, தேருக்கும் பல்லக்குக்கும் நடை கொடுத்து வந்த அந்த இசையில் அவசரமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. அதைப் பாண்டுக்கு ஏற்ப அமைப்பது எளிதன்று. தவிலின் நுட்பங்கள் பலவற்றை விட்டுக்கொடுக்க நேரும். ஆயினும், தீக்ஷிதர் கோட்டைப் பாண்டிலிருந்து எடுத்துக்கொண்ட கடனை, இருநூறு வருஷங்களுக்குப் பின் நாம் பாண்டுக்குத் திருப்பிக் கொடுப்பது பொருத்தமாகவே இருக்கும். சென்னையிலுள்ள சங்கீத சபைகளும் இசைக் கல்லூரிகளும் முன்வந்து அகாடமியாருடன் கலந்து இம்முயற்சியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ராணுவச் சங்கீதம் யுத்த வெறியை மூட்டும் என்று அஞ்சும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கீதம் மூட்டவும் செய்யும், அடக்கவும் செய்யும். ஆயுதம் தாங்கிய இளைஞனுக்கு நிதானத்தையும் நினைவையும் மரியாதையையும் கற்பிக்காத கலாசாலையே அஞ்சத்தக்கது. அம்மூன்றையும் வாய் திறவாமல் கற்பிக்கும் உபாத்தியாயருக்குக் கொடுக்கும் சம்பளம் வீண் செலவாகாது.

அடுத்த முறை அந்த மைதானங்களில் அணிவகுப்பு நடைபெறும்போது, தங்கள் புதல்வனையும் புதல்வியையும் காணச் செல்லும் பெற்றோர்கள், கோட்டைக் கடக்கும் அந்தக் கணம் முடிந்தபின், ஒரு நிமிஷம் பாண்டின் பக்கமும் திரும்பிப் பார்ப்பார்களாக. தங்கள் குழந்தையை அந்தக் கோடு வரையில் நடத்திக்கொண்டு வந்தவர்கள் அங்கேயும் நிற்கிறார்கள்.